விரலளவு தார்க்குச்சி

ஒரு வாரமாக என் மேசை மேல் நான்கு ரப்பர் வளையங்கள் இருந்தன. மூன்று பழையவை. கறுத்து, உதடு மழுங்கி, தொட்டால் விரலில் மைபோல ஒட்டும். ஒன்று மட்டும் புதியது, வாங்கி வந்த காகிதத்தோடு அப்படியே இருந்தது. இன்று மாலை நான்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் பழைய எஞ்சின் ஆயிலின் வாடை விரலை விட்டுப் போகவில்லை. காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனால் காபிக்கு முன்னால் அதுதான் வருகிறது. அந்த வாடை வந்தால் நீயும் வந்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதாதவன் நான். திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் நடுவில் கடிதம் போட்டுக்கொள்ள என்ன இருக்கிறது, பஸ் ஏறினால் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தைத்தான் நான் கடக்கவே இல்லை.

உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. சேதி அன்றைக்கே வந்துவிட்டது. வெளியூரில் இருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டு, கடைக்குள் சேலைகளை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். நாற்பதாம் நாள் பாத்தியா ஓதுகிற அன்றைக்குத்தான் திண்டுக்கல் பேகம்பூரில் உன் வீட்டுக்கு வந்தேன். கூட்டம் கலைந்தபின் உன் மனைவி இந்த வளையங்கள் இருந்த ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது.

"இது உங்க வண்டியோடதாம்ணே. எங்க போனாலும் இதையும் தூக்கிட்டே திரிஞ்சாரு. எப்பவாச்சும் எடுத்து வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாரு. 'இதுல எங்க தப்பு விட்டேன்னே தெரியலயே'ம்பாரு. உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மெக்கானிக் இருந்தா காட்டிக் கேளுங்கண்ணே. என்னன்னு தெரிஞ்சா எனக்கும் மனசு ஆறும்."

சரி தங்கச்சி என்று வாங்கிக்கொண்டேன். அந்தத் தப்பு என்னவென்று எந்த மெக்கானிக்கையும் கேட்க வேண்டியதில்லை மாப்ள. எண்பதுகளில் இருந்தே அது எனக்குத் தெரியும்.

அந்தக் கனத்த ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளை நான் வாங்கியது சுங்குடிச் சேலை மூட்டைகளுக்காக. அதுவரை பஸ்ஸின் கூரைமேல் மூட்டையை ஏற்றிவிட்டு, எந்த ஊரில் மழை வருமோ என்று பயந்துகொண்டே ஒட்டன்சத்திரத்துக்கும் பழநிக்கும் கீரனூருக்கும் போய்க்கொண்டிருந்தேன். பழைய வண்டிதான், ஆனாலும் அதில் போனால் ராஜா மாதிரி இருக்கும். வாங்கிய மூன்றாம் நாளே ராஜாவை ரயில்வே கேட் அருகே இறக்கிவிட்டது. சைக்கிளில் கருவிப்பையை மாட்டிக்கொண்டு போன நீ நின்றாய். கேட்காமலே பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, ஒரே உதையில் கிளப்பினாய். கூலி என்ன என்றேன். "ஒரு சுத்து ஓட்டிட்டுத் தாரேன், அது போதும்" என்றாய். கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஏறினாய். திரும்பி வந்தபோது நான் உனக்கு மச்சான் ஆகியிருந்தேன், நீ எனக்கு மாப்ள.

நீ வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். இறுகிப்போன போல்ட்டை வைய மாட்டாய், கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுவிட்டு, "செத்த நேரம் இருக்கட்டும், அதுவே மனசு மாறும்" என்பாய். வேலை முடிந்ததும் எஞ்சினுக்கு அடியில் புதுச் செய்தித்தாளை விரித்து வைத்து, மறுநாள் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியைத் தருவாய். "பேப்பர்ல வர்றது பொய்யா இருக்கலாம் மச்சான். பேப்பர் மேல விழுறது பொய் சொல்லாது" என்பாய்.

அப்போது உனக்குப் பட்டறை கிடையாது. வீட்டு வாசலில், சந்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். எங்கள் ஊர் வியாபாரிகளிடம் அதே மாதிரி ஏழு வண்டிகள் இருந்தன. அதில் நான்கு என் பெரிய மாமா சொன்னால் சொன்னபடி நிற்கும் வண்டிகள், மற்ற மூன்றும் அவற்றின் பின்னாலேயே வரும். நான்தான் அவரிடம் உன்னைப் பற்றிப் பேசினேன். சீசன் தொடங்கும் முன் ஏழையும் உன்னிடமே விடுவதாக அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி நீ பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் எடுத்தாய். போர்டு எழுதுகிறவன் உன் பெயரை எழுதி முடிக்கிறவரை நாம் இரண்டுபேரும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத மனைவியைக் கூட்டிவந்து அந்தக் காலி ஷெட்டைச் சுற்றிக் காட்டினாய். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை ஒவ்வொரு மூலையையும் எட்டிப் பார்த்தது.

அந்தச் சமயத்தில்தான் பழநிக் கடைக்காரர் ஒரு கட்டுச் சேலையைத் திருப்பி அனுப்பினார். வெள்ளைத் தரையில் அரக்குப் புள்ளி போட்ட சேலைகள், அடிமடிப்பு முழுக்கக் கறுப்புப் பொட்டு. "புள்ளி நீங்க போட்டது போதுமுங்க, வண்டியும் போட வேண்டாமுங்க" என்று ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கிருந்து வருகிறதென்று குனிந்து பார்த்தேன். எஞ்சினின் பின்புறமிருந்து புறப்பட்டு மட்கார்டை ஒட்டி, என் கேரியருக்குக் கீழே வந்து முடிகிற சின்ன ரப்பர் குழாய். எஞ்சினுக்குள் சேருகிற காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும், காற்றோடு கொஞ்சம் ஆயில் சாரலும் தெறிக்கும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு குழாய் என் சேலைமேல் துப்புகிறது என்பதுதான்.

உன்னிடம் கேட்டிருக்கலாம். ஆனால் நெசவுக்கார வீட்டில் பிறந்தவனுக்கு ஓட்டை அடைக்கத் தெரியாதா என்ன? ஊடை நூலைச் சுற்றி, தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சி ஒன்றை எடுத்தேன். விரலளவு வெட்டி, அதன்மேல் நூலை இறுக்கிச் சுற்றி, சேலைக்கு அச்சுப் போடுகிற மெழுகில் முக்கி, குடைக்கம்பியால் அந்தக் குழாய்க்குள் ஆழமாகத் தள்ளிவிட்டேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழநி போய்த் திரும்பினேன், சேலையில் ஒரு பொட்டு இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பத்து நாளில் இடதுபக்கம் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. உன்னிடம் கொண்டுவந்தேன். "கிராங்க் சீலு போயிருச்சு மச்சான், பழைய வண்டிதானே" என்றாய். பக்கத்து மூடியைக் கழற்றி, கிளட்சை எடுத்து, பல்சக்கரத்தை இழுத்து, ஆயிலை உள்ளே தடுத்து நிறுத்துகிற அந்த ரப்பர் வளையத்தைத் தண்டில் கீறல் விழாமல் நெம்பி எடுக்க உனக்கு அரைநாள் ஆயிற்று. தண்டின் விளிம்பு புதுச் சீலின் உதட்டைக் கிழித்துவிடும் என்று ரொட்டி சுற்றிவரும் மெழுகுத்தாளைத் தண்டில் சுற்றி, அதன்மேல் வழுக்கவிட்டு உள்ளே இறக்கினாய். கைக்குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி இருந்தது. மறுநாள் செய்தித்தாளில் சொட்டு இல்லை. ஓடாமல் நிற்கிற எஞ்சினில் காற்று எங்கே முட்டப்போகிறது, சொட்டு விழ?

இரண்டே வாரத்தில் மறுபடியும். நீ முகம் சுளிக்கவில்லை. சீல் மட்டமானது என்று வேறு வாங்கிப் போட்டாய். அதுவும் ஒழுகியது. இதற்குள் சின்னாளபட்டி முழுக்கப் பேச்சு. நான் வண்டி நிறுத்துகிற இடமெல்லாம் தரையில் கறுப்பு வட்டம். கேட்கிறவர்களிடம் நானும், "என்னமோ தெரியல, அவனும் மாத்திக்கிட்டேதான் இருக்கான்" என்று உதட்டைப் பிதுக்கினேன். நண்பனைப் பற்றி அப்படிச் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசவில்லை. அதுவரை நான் தெரிந்து ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மைதான். அந்த உண்மை ஒரு நாளோடு முடிந்துபோனது.

மூன்றாவது முறை வண்டி உன் ஷெட்டில் திறந்து கிடந்தபோது பெரிய மாமா இரண்டு வியாபாரிகளோடு வந்து நின்றார். ஏழு வண்டிகளின் சங்கதியை முடிவு செய்யத்தான் வந்திருந்தார். நீ கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முக்காலியை எடுத்துப் போட்டாய். அவர் உட்காரவில்லை.

"என்ன பாய், மூணாவது வாட்டி. இந்த ஒரு வண்டிக்கே இம்புட்டு பாடுன்னா, ஏழு வந்தா என்ன செய்வ?"

நீ கழற்றிய சீலை அவரிடம் காட்டினாய். பிறகு என்னைப் பார்த்தாய். "மச்சான், ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காத. மூச்சுக்குழாய்ல யாரும் கை வச்சாங்களா? உள்ள காத்து போக வழியில்லாம முட்டுற மாதிரி தெரியுது. இல்லேன்னா புதுச் சீலு இப்படிப் பிதுங்காது."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது மாப்ள. குச்சி, மெழுகு, குடைக்கம்பி, சீல், எல்லாம் வரிசையாக. நீ கேட்டுக்கொண்டே குழாயை நோக்கிக் கையை நீட்டினாய்.

எங்கள் ஊரைப் பற்றி உனக்குத் தெரியும். ஒருவன் சாயத்தைத் தவறாகக் கலக்கி ஒரு பாவு நூல் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அவன் சாகும்வரை கத்தரிப்பூ, அவன் மகன் கத்தரிப்பூ மகன், மருமகளுக்குக்கூட அந்தப் பெயர்தான். சொந்த வண்டியின் மூச்சைத் தார்க்குச்சியால் அடைத்தவனை என்ன செய்வார்கள்? பெரிய மாமாவும் அந்த இரண்டுபேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. கேட்டுக்கொண்டுதான் திறந்தது.

"அதை யாரு தொடப் போறா மாப்ள? முந்தாநாள் வண்டி கழுவும்போதுகூட ஊதிப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு."

நீட்டிய கையை நீ இழுத்துக்கொண்டாய். "அப்பச் சரி" என்றாய். அவ்வளவுதான். ஒரு சாண் தூரம், உன் விரலுக்கும் அந்தக் குழாய்க்கும். வேறு எவன் சொல்லியிருந்தாலும் நீ ஒருமுறை தொட்டுப் பார்த்திருப்பாய்.

"அப்ப சீல்லதான் கோளாறு. நாளைக்குக் காலைல நானே மதுரைக்குப் போயி, நல்லதாப் பாத்து எடுத்துட்டு வாரேன். ஒரே ஒரு நாள் பொறுங்கண்ணே" என்று மாமாவிடம் கேட்டாய். அவர் வெளியே போனார். டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னார்: "அவன் வர்றதுக்குள்ள வண்டியத் தூக்கிரு. மெயின் ரோட்டுப் பட்டறையில விடுவோம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவரைத் தனியே அழைத்துப்போய், மாமா இது என் தப்பு என்று. நான் சரி மாமா என்றேன்.

மறுநாள் நீ மதுரை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் உன் ஷெட்டுக்கு வந்தேன். ஷெட் சாவியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. டீக்கடைக்காரர் தானே எடுத்துக் கொடுத்தார். "நீங்க வந்தா குடுக்கச் சொல்லிட்டுத்தான் பாய் போனாரு" என்றார். கழற்றிய பாகங்களை ஒரு சாக்கில் அள்ளிப் போட்டேன். நீ வரிசைப்படுத்தித் துணிமேல் அடுக்கி வைத்திருந்தாய். வண்டியை வேனில் ஏற்றும்முன் குறட்டால் அந்தத் தார்க்குச்சியைப் பிடுங்கினேன். குழாயில் தேங்கியிருந்த கறுப்பு ஆயில் சட்டைமேல் தெறித்தது.

எதற்காகப் பிடுங்கினேன் தெரியுமா? உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. அந்தப் பட்டறையிலும் ஒழுகினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான்.

மெயின் ரோட்டுப் பட்டறைப் பெரியவர் ஒரு சீல் போட்டார், ஒழுகல் நின்றுபோனது. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் செய்ததெல்லாம் நீ இரண்டு தடவை செய்த அதே வேலை. ஏழு வண்டிகளும் அவரிடம் போயின. நான் குழாயின் முனையில் இன்னொரு முழக் குழாயை மாட்டித் தரைப்பக்கம் இறக்கிவிட்டேன், சேலையும் தப்பித்தது. அவ்வளவு சுலபமான வேலை அது. ஊருக்கு ஒரு பட்டப்பெயர் தேவைப்பட்டது, உனக்கு வைத்தார்கள். 'ஒழுகல் பாய்.' நான் பயந்து ஓடிய பட்டம் வழிதவறாமல் உன் வாசலில் போய் உட்கார்ந்தது. நாலுபேர் அதைச் சொல்லிச் சிரித்தபோது நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

சீசன் முடியும்முன் நீ ஷெட்டைக் காலி செய்தாய். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் பக்கம் போய்வந்து பம்புசெட் எஞ்சின் பார்க்கத் தொடங்கினாய். கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் தூக்குகிற வேலை. பிழைப்பு நடந்தது, பிள்ளைகளைப் படிக்க வைத்தாய். ஆனால் மோட்டார் சைக்கிளை அதற்குப் பிறகு தொடவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

நீ வந்து சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, அந்தக் கத்தலில் எல்லாம் வெளியே வந்திருக்கும். அடுத்த தைப்பூசத்துக்குச் சேலைக்கட்டோடு ஒட்டன்சத்திரம் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தாய். தோளில் கை போட்டாய்.

"ஒழுகுதா மச்சான்?"

"இல்ல மாப்ள."

"நல்லது. அந்தப் பெரியவரு என்ன செஞ்சாருன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. கோவத்துக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த முறை பார்த்தபோதும் கேட்டாய், மறந்துவிட்டது என்றேன். அதன்பிறகு தெருவில் உன் சைக்கிள் தெரிந்தால் கடைக்குள் நுழைந்துகொள்ளப் பழகினேன். கொஞ்ச வருடத்தில் அந்த வண்டியையே விற்றேன். என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினேன், வர மாட்டாய் என்று நினைத்து. நீ வந்தாய். குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாய். கை கழுவுகிற இடத்தில், தலையெல்லாம் நரைத்திருந்த நீ, சிரித்துக்கொண்டே கேட்டாய்: "அந்தச் சீலு ஞாபகம் இருக்கா மச்சான்?" நான், "பாயசம் சாப்டியா?" என்று கேட்டேன். "சாப்டேன், அருமை" என்றாய். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாய். நாம் கடைசியாகப் பேசியது பாயசத்தைப் பற்றி.

வெட்கமாக இருக்கிறது மாப்ள. நீ செத்த பிறகு வருகிற வெட்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இந்த ஒரு வாரமும் அந்த வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பழையவற்றில் இரண்டின் உதடு வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது எனக்கே தெரிந்தது. நீ எத்தனை முறை பார்த்திருப்பாய். ஒவ்வொரு முறையும் காற்று முட்டிய மாதிரிதானே இருக்கிறது என்று நினைத்திருப்பாய். அப்புறம், மச்சான்தான் ஊதிப் பார்த்தேன் என்றானே என்று அந்த நினைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, உன் கையில் தப்பைத் தேடியிருப்பாய். நான்காவது, மதுரையில் நீ கடைகடையாகப் பார்த்து எடுத்தது. அதை வைத்துக்கொண்டு நீ ஷெட்டுக்குத் திரும்பி வந்தபோது அங்கே ஆயில் கறை மட்டும்தான் இருந்திருக்கும்.

என் கடை மேசையின் கடைசி இழுப்பறையில் அந்தத் தார்க்குச்சி இருந்தது. தூக்கிப் போட மனம் வராமல் அத்தனை வருடம் கிடந்தது. இன்று மாலை அதையும் எடுத்துக்கொண்டு பேகம்பூர் போனேன். உன் மனைவி முன்னால் டப்பாவையும் குச்சியையும் வைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். குடைக்கம்பியால் தள்ளியது, நீ கேட்டது, நான் ஊதிப் பார்த்தேன் என்றது, சாவி, குறடு, ஒன்றையும் விடவில்லை. தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். வையட்டும், வெளியே போ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

உன் மனைவி குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நூல் இன்னும் அவிழாமல் கெட்டியாக இருந்தது.

"இம்புட்டுத்தானாண்ணே?" என்றது. குரல் உடைந்திருந்தது. "அன்னைக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரு. 'அட மச்சான், எஞ்சினுக்கே தார் சுத்திட்டியா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு. உங்களை ஊர் முன்னாடி விட்டுக்குடுத்திருப்பாரா? மாமாகிட்ட நான்தான் கவனிக்காம விட்டேன்னு சொல்லியிருப்பாரு."

ஆமாம் மாப்ள. நீ அப்படித்தான் செய்திருப்பாய். எனக்கு அது தோன்றவே இல்லை. உன் கைவேலைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தேன் என்றுதான் இத்தனை நாள் வருந்திக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால், உன்னையே நான் நம்பவில்லை.

உன் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. நான்கு வளையங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவுக்குள் வைத்து மூடியது. "இது இங்கயே இருக்கட்டும். இதுல அவரு தப்பு ஒண்ணும் இல்லைல" என்றது. ஒண்ணும் இல்லை தங்கச்சி என்றேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தார்க்குச்சியை மட்டும் என் பக்கம் நகர்த்தியது.

"இது உங்களுதுண்ணே. நீங்க கொண்டுபோங்க."

எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போதும் பையில்தான் இருக்கிறது.